விமானிகளின் ஊதியமும் ஓய்வும்

(நம் சங்கத்தின் கல்விநாட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பிக்கும் ஆசிரியன் ஒருவன் ஆகாய விமானத்தைப் பற்றிப் பேச எழுந்திருப்பது தங்களிற் பலர்க்கு வியப்பாக இருத்தல் கூடும். எமக்கும் அவ்வியப்பு உண்டு. யாம் இதுகாறும் இருமுறையே விமானத்தில் ஏறியுள்ளோம். இருமுறையும் ஏறியது முதல் இறங்குமளவும் இருக்கையின் கையை இறுகப் பற்றியிருந்தோமேயன்றி வேறொன்றும் கற்றோமல்லோம். ஆயினும் இப்பொருளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் ஒன்று உண்டு. அதனை முதற்கண் கூறிவிடுதல் நலம்.

நம் சங்கத்துக் கல்வி நிதிக்குச் சில திங்களுக்கு முன் ஒரு விண்ணப்பம் வந்தது. எம்மிடம் ஐந்தாண்டு தமிழ் பயின்ற மாணவன் ஒருவன், விமானம் ஓட்டும் பயிற்சிக்குச் செல்ல விரும்பிக் கடனுதவி வேண்டியிருந்தான். அவன் பெயரை ஈண்டுக் கூறுதல் முறையன்று. அவன் தந்தையார் ஒரு மாலையில் எம் வீட்டிற்கு வந்து திண்ணையில் அமர்ந்து, "ஐயா, பயிற்சிக்கு அரைக் கோடிக்குக் குறையாது என்கிறார்கள். சங்கம் கொடுப்பதைக் கொடுக்கட்டும்; மீதிக்கு வங்கிக் கடன் இருக்கிறது, வாய்க்கால்கரை நஞ்சை இருக்கிறது. பையன் தலைமை விமானியாகிவிட்டால் அதுபோலப் பத்து நஞ்சை வாங்கலாமே!" என்றார். எமக்கு உடனே விடை சொல்ல இயலவில்லை. செயற்குழுவினரும், அத்தொழிலின் சம்பளம் எத்தகையது, வேலைமுறை எத்தகையது என்பவற்றை விசாரித்துச் சொல்லுமாறு எம்மையே பணித்துவிட்டனர். யாமும் விபத்து விசாரணை அறிக்கைகளையும், சட்டங்களையும், விமானிகளின் கூற்றுகளையும் இயன்ற அளவு படித்தோம். படித்ததன் பயனே இச்சொற்பொழிவு.

புறநானூற்றிலே, உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்குச் சொல்லுமிடத்து, செலுத்துவோன் ஒருவனும் இன்றித் தானே செல்லும் வானவூர்தி ஒன்றைக் குறிப்பிடுகின்றார். அவ்வூர்திக்குச் செலுத்துவோன் இல்லையாதலின் சம்பளப் பேச்சும் இல்லை. உறக்கக் கேடும் இல்லை. நாம் விலை கொடுத்து ஏறும் ஊர்திகளுக்கோ இருவர் வேண்டியிருக்கின்றது. அவ்விருவரும் நம்மைப்போல் உண்பவர், உறங்குபவர், கடன்படுபவர்.

இனி விஷயத்திற்கு வருவோம். அமெரிக்க நாட்டு வழக்கை முதலில் எடுத்துக்கொள்கின்றோம். இத்தொழிலின் வழக்காறுகள் பல அங்கே உருவாயின. அன்றியும் அந்நாட்டார் தம் விபத்துகளை ஆராய்ந்து எவரும் படிக்குமாறு வெளியிட்டு விடுகின்றனர்.

அங்கே விமானிக்குச் சம்பளம் மணிக்கணக்கில் அமைந்தது. மணி என்றால் வீட்டை விட்டுப் புறப்பட்ட மணியன்று. நிலையத்துக்கு வந்து கையெழுத்திட்ட மணியும் அன்று. விமானம் நின்ற இடத்திலிருந்து அசைந்தது முதல், சென்று சேர்ந்த இடத்தில் மீண்டும் நிற்குமளவும் உள்ள நேரமே பெரும்பாலும் சம்பளத்திற்குரிய நேரமாகக் கணக்கிடப்படும். விமானி விடியற்காலை ஐந்து மணிக்கு வந்து, வானிலைக் குறிப்பைப் படித்து, ஊர்தியைச் சுற்றிப் பார்த்து, மூன்று ஊர்களுக்குப் பறந்து, இடையிடையே காத்திருந்து, மாலை ஐந்து மணிக்கு விடுபட்டானாயின், பன்னிரண்டு மணி நேரம் பணியில் இருந்தவனாவான். ஆனால் சம்பளக் கணக்கில் ஆறு மணி நேரம் ஏறினால் அது நல்ல நாள். திங்களுக்கு இத்தனை மணிக்குக் குறையாமல் சம்பளம் தருவோம் என்ற உறுதி ஒன்று உண்டு. அஃது எழுபது, எழுபத்தைந்து மணி அளவில் இருக்கும். வெளியூரில் தங்கும்போது உணவுச் செலவுக்குச் சிறு படியும் உண்டு. நம்மவர், "ஒரு மணிக்கு இத்தனை டாலராமே!" என்று எட்டால் பெருக்கி, மீண்டும் முப்பதால் பெருக்கி, வாய் பிளக்கின்றனர். அப்பெருக்கல் பொருந்தாது. திங்களுக்கு நூறு மணிக்கு மேலும், ஆண்டுக்கு ஆயிரம் மணிக்கு மேலும் பறத்தலைச் சட்டமே தடுக்கின்றது.

மற்றொன்று பணிமூப்பு. ஒவ்வொரு நிறுவனத்திலும் விமானிகள் அனைவருக்கும், சேர்ந்த நாளின்படி ஓர் எண் உண்டு. அடுத்த திங்களுக்குரிய பயணத் தொகுதிகளை நிறுவனம் வெளியிடும். எவ்வூர்கள் வேண்டும், எந்நாளில் விடுமுறை வேண்டும் என்று ஒவ்வொருவரும் தம் விருப்பத்தை எழுதித் தருவர். எண்ணின் வரிசைப்படியே விருப்பம் நிறைவேறும். முன்னெண் உடையவர் பகற்பயணமும் பண்டிகை விடுமுறையும் பெறுவர். பின்னெண் உடையவர் எஞ்சியதைப் பெறுவர். அதிலும் கடைசியில் உள்ளோர்க்குப் பயணம் ஒன்றும் குறிக்கப்படாது; தொலைபேசி ஒலித்தால் ஓடிவர வேண்டும் என்று ஆயத்தநிலையில் வைக்கப்படுவர். சம்பளம், விடுமுறை, எவ்வூர்தியைச் செலுத்துவது, எப்பொழுது தலைமை விமானியாவது யாவும் அவ்வெண்ணைப் பற்றியே நிற்கும். வேறு நிறுவனத்துக்கு மாறினால் இருபதாண்டு அனுபவம் உடையவரும் அங்கே வரிசையின் கடைசியிற் சென்று நிற்கவேண்டும். நம் பள்ளிகளில் இடமாறுதலுக்காக ஆசிரியர்கள் படும் பாட்டைக் கண்டவர்க்கு இதன் கடுமை ஒருவாறு விளங்கும். ஆனால் எமக்கு மாறுதலால் சம்பளம் குறைவதில்லை.

இம்மணிக்கணக்கும் மூப்புக்கணக்கும் எங்ஙனம் தோன்றின என்பதைச் சிறிது சொல்லவேண்டும். தொடக்கத்தில் அஞ்சற் பைகளைச் சுமந்து பறந்த விமானிகளுக்கு, அடிப்படைச் சம்பளத்தோடு பறந்த மைலுக்கு இவ்வளவு என்று கொடுத்தனர். 1930-க்குப் பின் விரைந்து செல்லும் புதிய ஊர்திகள் வந்தன. உடனே நிறுவனத்தார், "இனி மைலுக்கு அன்று, மணிக்கே கொடுப்போம்" என்றனர். இதன் உட்பொருளைக் காண்மின்! முன்பு ஐந்து மணியிற் சென்ற தொலைவை இப்பொழுது மூன்று மணியிற் செல்லலாம். மணிக்கணக்கு வந்தால் அதே ஊருக்குச் சென்று வந்தவனுக்கு ஐந்துக்குப் பதில் மூன்று மணிக்கே கூலி. ஊர்தியின் விரைவால் வந்த ஊதியமெல்லாம் முதலாளிக்கும், விரைவால் வந்த அபாயமெல்லாம் விமானிக்கும் ஆகும்.

1931-இல் டேவிட் பென்கே என்ற விமானி முன்னின்று விமானிகளின் சங்கம் ஒன்றை நிறுவினார். அதற்கு அடுத்த ஆண்டே, கார்டு என்னும் செல்வர் சிகாகோ நகரில் நடத்திய செஞ்சுரி நிறுவனத்தில் சம்பளத்தைக் குறைக்க முற்பட்டதால் பெரும் பூசல் விளைந்தது. பின்னாளில் நியூயார்க் நகரத் தலைவரான லகார்டியா அப்போது நாடாளுமன்ற உறுப்பினர். அவர் விமானிகளின் பக்கம் நின்றார். 1934-ஆம் ஆண்டு மே திங்களில், தேசியத் தொழிலாளர் வாரியம் தன் 83-ஆம் தீர்ப்பை வழங்கியது. அடிப்படைச் சம்பளம் ஒன்று, மணிக்குரியது ஒன்று, மைலுக்குரியது ஒன்று என மூன்றும் சேர்ந்ததே விமானியின் ஊதியம் என்றும், இரவில் பறந்தால் மணிக்கூலி மிகுதி என்றும், எவரும் திங்களுக்கு 85 மணிக்கு மேல் பறத்தலாகாது என்றும் அத்தீர்ப்பு வகுத்தது. 1938-ஆம் ஆண்டின் விமானப் போக்குவரத்துச் சட்டமும் அதனை ஏற்றுக்கொண்டது. சம்பளத்தையும் வேலை நேரத்தையும் ஒரே ஓலையில் எழுதிய அத்தீர்ப்பினரின் அறிவுடைமையை யாம் வியக்கின்றோம். பின்வந்தோர் அவ்விரண்டையும் பிரித்து, ஒன்றை நிறுவனத்தின் கணக்கப்பிள்ளையிடமும், மற்றொன்றை அரசாங்கத்து அதிகாரியிடமும் கொடுத்துவிட்டனர். பிரித்ததனால் வந்த கேட்டுக்கு எடுத்துக்காட்டாக, இனிச் சொல்லப்போகும் ஒரு நிகழ்ச்சி போதும்.

2009-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12-ஆம் நாள் இரவு, அமெரிக்காவில் நியூவார்க் நகரிலிருந்து பஃபலோ நகருக்குச் சென்ற கோல்கன் நிறுவனத்தின் 3407-ஆம் எண் விமானம், இறங்குவதற்குச் சற்று முன் கிளாரன்ஸ் சென்டர் என்னும் ஊரில் ஒரு வீட்டின்மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும், வீட்டில் இருந்த ஒருவரும் மாண்டனர். ஊர்தியின் வேகம் அளவுக்குக் குறைந்தபோது, விமானியின் கைப்பிடியே அதிர்ந்து எச்சரித்தது. அப்பொழுது கைப்பிடியை முன்னே தள்ளி ஊர்தியின் மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் கூட்டவேண்டும். தலைமை விமானியோ பின்னே இழுத்துவிட்டார்; இறக்கைகள் தாங்கும் வலிமையை இழந்தன. பயிற்சி பெற்றவர், ஆயிரக்கணக்கான மணிகள் பறந்தவர், தலைகீழாகச் செய்தது ஏன்?

அவ்விருவரும் முந்தின இரவை எங்ஙனம் கழித்தனர் என்பதை விசாரணையாளர் ஆராய்ந்தனர். துணைவிமானியாகிய இளம்பெண் நாட்டின் மேற்குக் கோடியிலுள்ள சியாட்டில் அருகே தம் பெற்றோருடன் வாழ்ந்தவர். பணியோ கிழக்குக் கோடியிலுள்ள நியூவார்க்கில். அக்காலத்தில் அத்தகைய சிறு நிறுவனங்களில் புதிய துணைவிமானியின் ஆண்டுச் சம்பளம் இருபதாயிரம் டாலர் அளவில் இருந்தது. அத்தொகையைக் கொண்டு நியூவார்க்கைப் போன்ற நகரில் தனி வீடு எடுத்து வாழ்தல் அரிது. ஆதலின் அவர் இரவெல்லாம் சரக்கு விமானத்தில் ஓர் ஓரத்தில் அமர்ந்து, இடையில் மெம்பிசு நகரில் மாறி, விடியற்காலையில் வந்து சேர்ந்தார். தலைமை விமானி புளோரிடாவில் வாழ்ந்தவர். அவரும் தங்குமிடம் எடுக்கவில்லை. விமானிகள் கூடும் அறையிலேயே இரவைக் கழித்தார். விடியற்காலை மூன்று மணியளவில் நிறுவனத்தின் கணிப்பொறியை அவர் திறந்து பார்த்த குறிப்பு இருக்கின்றது. அவ்வறையில் இரவில் உறங்குதல் கூடாது என்பது நிறுவனத்தின் விதி. உறங்கக் கூடாது என்று விதித்தவர் எங்கே உறங்குவது என்பதற்கு வழி செய்தாரல்லர். அன்று பகலில் பறக்கவேண்டிய பயணங்கள் காற்றின் மிகுதியால் நின்றுபோயின, இருவரும் காத்திருந்தனர். இரவு ஒன்பது மணிக்கு மேலேயே விமானம் எழுந்தது.

அத்துணைவிமானிக்கு அன்று உடல்நலமும் இல்லை. புறப்படுமுன் அவர் தம் தோழரிடம் கூறியது குரற்பதிவுக் கருவியிற் பதிந்துள்ளது. வீட்டில் இருக்கும்போதே இப்படி இருந்திருந்தால் வந்தே இருக்கமாட்டேன் என்றும், இங்கு வந்தபின் நோய் என்று சொன்னால் குணமாகுமளவும் தம் செலவில் விடுதியில் தங்கவேண்டுமே என்றும் அவர் சொன்னதாகத் தெரிகின்றது. இப்பகுதியைப் படித்த இரவு எமக்கு உறக்கம் வரவில்லை. விடுதிக்குரிய சில டாலருக்கு அஞ்சி ஒரு பெண் எழுந்து சென்று இருக்கையில் அமர்ந்தாள். பின்னால் நாற்பத்தைந்து பிரயாணிகள் அமர்ந்தனர்.

களைப்பே விபத்துக்குக் காரணம் என்று யாம் துணிந்து சொல்லவில்லை. அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், விமானியின் தவறான செயலையே மூலகாரணமாகக் கூறிற்று. களைப்பால் இருவரும் தளர்ந்திருத்தல் கூடும், ஆனால் எவ்வளவு என்று அறுதியிட இயலாது என்றது. வாரியத் தலைவராயிருந்த டெபோரா ஹெர்ஸ்மன் அம்மையார், களைப்பையும் துணைக்காரணமாகச் சேர்த்திருக்க வேண்டும் என்று தனியே எழுதினார். அளக்க இயலாததைக் காரணமாக எழுதலாமா என்பது வழக்கு. மதுவுண்டவன் குருதியை ஊசியால் எடுத்து அளக்கலாம். உறங்காதவன் குருதியில் உறக்கமின்மை தெரிவதில்லை. ஆயினும் 1997-இல் நேச்சர் என்னும் அறிவியல் இதழில் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் வெளியிட்ட கட்டுரை ஒன்று உண்டு: பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவனுடைய கையும் மனமும், குருதியில் நூற்றுக்கு 0.05 பங்கு மது ஏறியவனுடையவை போலத் தளர்கின்றன என்று அவர்கள் கண்டனர். பல நாடுகளில் அவ்வளவு மது ஏறினால் மோட்டார் வண்டி ஓட்டுதலே குற்றம்.

இவ்விபத்துக்கு நான்கு வாரத்திற்கு முன், அதே ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள், பறவைகள் மோதி இரு பொறிகளும் நின்றுபோன விமானத்தை ஹட்சன் ஆற்றின்மேல் இறக்கி 155 உயிர்களையும் காத்தவர் சல்லன்பர்கர் என்னும் தலைமை விமானி. அவரை உலகமே கொண்டாடிற்று. அமெரிக்க நாடாளுமன்றக் குழு அவரை அழைத்தபோது அவர் தம் புகழைப் பேசவில்லை. தம் சம்பளம் நூற்றுக்கு நாற்பது பங்கு குறைக்கப்பட்டதையும், ஓய்வூதியம் ஒழிக்கப்பட்டதையும் சொன்னார். தம் மக்கள் இத்தொழிலுக்கு வரவேண்டும் என்று விரும்பும் விமானி ஒருவரைக்கூடத் தாம் அறியவில்லை என்றும் சொன்னார்.

இதனை அம்மாணவனிடம் யாம் சொன்னோம். அவன் தலைகுனிந்து சற்று நின்று, "ஐயா, தங்கள் மகனைத் தமிழாசிரியனாக்கத் தாங்கள் விரும்புகிறீர்களா?" என்று கேட்டான். எமக்கு விடை வரவில்லை. ஐந்தாண்டு பாடம் சொல்லிக் கொடுத்ததன் பயன் இதுபோலும்.

உயிரிழந்தோரின் உறவினர் அழுதுகொண்டு வீட்டில் இருந்தாரல்லர். வாஷிங்டன் நகருக்கு மீண்டும் மீண்டும் சென்று உறுப்பினர்களின் வாயிலில் நின்றனர். 2010-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் சட்டம் பிறந்தது. அதன்படி, பிரயாணிகள் விமானத்தில் துணைவிமானியாகச் சேர்வதற்கும் பொதுவாக 1,500 மணிப் பறப்பு வேண்டும் என்றாயிற்று. இறந்த விமானிகள் இருவரும் அதனினும் மிகுதியாகப் பறந்தவர்களே. எண்ணுதற்கு எளியதை எண்ணிவிட்டுக் கடமை முடிந்தது என்று கருதுவது சட்டஞ்செய்வார் வழக்கம்போலும். ஆனால் அச்சட்டத்தின் வழியாகவே 2014-ஆம் ஆண்டு ஜனவரி 4 முதல் நடைமுறைக்கு வந்த ஓய்வு விதிகள் உண்மையிற் சிறந்தவை. பணிக்கு முன் பத்து மணி ஓய்வு; அதில் எட்டு மணி இடையூறின்றி உறங்க வாய்ப்பு; ஒரு வாரத்தில் தொடர்ந்து முப்பது மணி விடுதலை; எந்நேரத்தில் தொடங்கினான், எத்தனை முறை ஏறி இறங்கினான் என்பவற்றைப் பொறுத்து ஒன்பது முதல் பதினான்கு மணிக்குள் பணி அடங்குதல். நள்ளிரவில் தொடங்குபவனுடைய பணிநேரமும் காலையில் தொடங்குபவனுடைய பணிநேரமும் ஒன்றல்ல என்று சட்டம் ஒப்புக்கொண்டது பெரிதே. நம் பாட்டிமார் இதனைச் சட்டமின்றியே அறிந்திருந்தனர்.

சரக்கு விமானங்களுக்கு அவ்விதி கட்டாயமன்று என்று விட்டுவிட்டனர். செலவு மிகும் என்பதே காரணம். விதி நடைமுறைக்கு வருவதற்கு முன்னரே, 2013-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 14-ஆம் நாள் விடியுமுன், பர்மிங்காம் நகரில் சரக்கு விமானம் ஒன்று வீழ்ந்து விமானிகள் இருவரும் இறந்தனர். விசாரணையில் களைப்பும் பேசப்பட்டது. பெட்டிகளைச் சுமப்பவனுக்கு உறக்கம் வேண்டா என்று எந்த நூலில் எழுதியிருக்கின்றதோ யாம் அறியோம்.

இனி நம் நாடு. 2010-ஆம் ஆண்டு மே 22-ஆம் நாள் காலை ஆறு மணியளவில், துபாயிலிருந்து வந்த விமானம் மங்களூர் மலைமேல் ஓடுபாதையைத் தாண்டி வீழ்ந்து 158 பேர் மாண்டனர், எண்மர் பிழைத்தனர். பிழைப்புக்காகக் கடல் கடந்து சென்று, விடுமுறைக்கு வீடு திரும்பியவர் பலர். அவ்விமானத்தின் குரற்பதிவில் முதல் நூறு நிமிடம் பேச்சே இல்லை. தலைமை விமானியின் ஆழ்ந்த மூச்சும் குறட்டையும் கேட்டன. இறங்கும் வேளையில் விழித்தெழுந்தவரின் மதி தெளியுமுன், உயரமும் வேகமும் மிகுந்த நிலையிலேயே ஊர்தி ஓடுபாதையை அணுகியது. மீண்டும் மேலெழும்படி துணைவிமானி சொல்லியும் அவர் கேட்டாரல்லர். நெடுநேரம் உறங்கி எழுந்தவுடன் உள்ள மயக்கமும், உடல் உறக்கத்தை வேண்டும் அவ்விடியற்காலை வேளையும் துணைக்காரணங்களாக விசாரணை மன்றத்தாரால் குறிக்கப்பெற்றன.

நம் நாட்டின் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2024-ஆம் ஆண்டு ஜனவரியில் புதிய விதிகளை வெளியிட்டது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாயிற்று. இரவு என்பது நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை என்றாயிற்று. இரவுப் பணியில் ஆறு முறை இறங்கலாம் என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது. நிறுவனங்கள் அவகாசம் கேட்டன. விமானிகள் தில்லி உயர்நீதிமன்றம் சென்றனர். முடிவில் 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரு கூறாக விதிகள் நடைமுறைக்கு வந்தன. இரண்டாம் கூறு வந்து ஒரு திங்கள் கழிந்ததும், டிசம்பர்த் தொடக்கத்தில், நாட்டின் மிகப் பெரிய நிறுவனமாகிய இண்டிகோ தன் விமானங்களை ஓட்டப் போதிய விமானிகள் இன்றித் தடுமாறிற்று. டிசம்பர் 5-ஆம் நாள் ஒன்றிலேயே ஆயிரத்திற்கு மேற்பட்ட பயணங்கள் நின்றன. நிலையங்களில் பெட்டிகள் மலைபோற் குவிந்ததைத் தாங்களும் படங்களிற் கண்டிருப்பீர்கள். நம் உறவினர் ஒருவர் மகள் திருமணத்திற்கு வரவேண்டிய சம்பந்தி வீட்டார் பாதிப்பேர் வரவில்லை. அரசாங்கம் அந்நிறுவனத்துக்கு இரவு விதிகளிலிருந்து 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு அளித்தது. வார ஓய்விற்குப் பதிலாக விடுப்பைக் கணக்கிடலாகாது என்ற கட்டளையையும் திரும்பப் பெற்றது.

அவ்வாரம் நம்மவர் வாயிற் கேட்ட பேச்சு, "விமானிகளுக்கு ஓய்வு கொடுத்ததால் நமக்கு வந்த கேடு" என்பது. எம் கருத்து வேறு. விதி வரப்போகின்றது என்பது இரண்டாண்டுக்கு முன்னரே தெரிந்ததொன்று. ஓய்வைக் கூட்டினால் ஆட்களைக் கூட்டவேண்டும் என்பது ஐந்தாம் வகுப்புக் கணக்கு. இரவு வேலை செய்பவனின் உறக்கத்தை மிச்சம் பிடித்துப் பயணச்சீட்டின் விலையைக் குறைத்தால், அக்குறைவில் ஒரு பங்கு நாம் அவனிடமிருந்து வாங்கியதே. மலிவான சீட்டுக் கிடைத்ததென்று மகிழ்ந்தவருள் யாமும் ஒருவர் என்பதை மறைக்கவில்லை.

சம்பளம் இப்பொழுது அங்கெல்லாம் உயர்ந்துவிட்டது என்பதையும் சொல்லவேண்டும். இல்லையேல் ஒருபக்கமே சொன்னவராவோம். பெருந்தொற்றுக்குப் பின் ஆட்குறைவு ஏற்பட்டமையால், 2022-இல் அமெரிக்கச் சிறு நிறுவனங்கள் சில புதிய துணைவிமானிக்கே மணிக்கு 90 டாலர் வரை தர முன்வந்தன. 2023 மார்ச்சில் டெல்டா நிறுவனத்து விமானிகள் நான்காண்டில் நூற்றுக்கு 34 பங்கு உயர்வு பெற்றனர். ஆகவே அத்தந்தையார் கண்ட கனவு முழுதும் பொய்யன்று. ஆயினும் 2009-இல் குறைந்ததும் இத்தொழிலே, 2023-இல் உயர்ந்ததும் இத்தொழிலே. நஞ்சையை விற்கும் நாள் ஒன்று; சம்பளம் வரும் நாள் மற்றொன்று. இடையில் காலம் எப்பக்கம் சாயும் என்பதை எவர் அறிவார்?

எம் மனத்தில் முள்ளாய்த் தைத்தது வேறொன்று. அமெரிக்க விதியில் ஒரு பிரிவு உண்டு: ஒவ்வொரு பயணத்திற்கு முன்னும், தான் பணிக்குத் தகுதியாக இருப்பதாக விமானி தானே உறுதி கூறவேண்டும், களைப்புற்றானாயின் பறத்தலாகாது. ஓய்வு விதிகளெல்லாம் முடிவில் இவ்வொரு சொல்லின்மேல் நிற்கின்றன. பத்து மணி ஓய்வை அரசாங்கம் தரலாம். அவன் உறங்கினானா என்பதை எந்த அதிகாரியும் அறியமாட்டான். குழந்தை அழுதிருக்கலாம்; தாய்க்கு நோயாக இருக்கலாம். "இன்று என்னால் இயலாது" என்று அவன் வாய் திறந்து சொல்லவேண்டும். பறந்த மணிக்கே சம்பளம் என்னும் முறையில், அவ்வாறு சொன்னவன் அன்றைய ஊதியத்தையும் இழக்க நேரலாம். வங்கித் தவணை ஐந்தாம் தேதி வரும். நஞ்சையை விற்ற தந்தை ஊரில் இருக்கின்றார். கடன் கொடுத்த சங்கத்தார் கணக்குக் கேட்கின்றனர். இத்தனையையும் தோளில் ஏற்றிக்கொண்டு இருபத்து மூன்று வயதுச் சிறுவன், "இயலாது" என்று சொல்வானா? சியாட்டிலிலிருந்து வந்த அப்பெண் சொல்லவில்லை. அவளுக்கு ஒரு விடுதிச் செலவே தடையாயிற்று. நாம் அவனுக்கு அரைக் கோடி ரூபாய்த் தடையை ஆயத்தம் செய்கின்றோம். அவன் பின்னால் அமர்பவர் நூற்றெண்பது பேராக இருத்தல் கூடும்.

ஆதலின் செயற்குழுவின்முன் யாம் வைக்கும் வேண்டுகோள் இது. கடன் கொடுக்கலாம், அவனுக்குக் கூர்த்த அறிவும் உண்டு, எதிர்த்துக் கேட்கும் துணிவும் உண்டு. ஆனால் தவணை, அவன் வேலைக்கு அமர்ந்து இரண்டாண்டு கழிந்த பின்னரே தொடங்குக. மேலும், எத்திங்களிலேனும் களைப்பால் பறக்க மறுத்தேன், சம்பளம் குறைந்தது என்று அவன் எழுதினால், காரணம் கேளாமல் அத்திங்கள் தவணையைத் தள்ளி வைக்கவேண்டும் என்று கடன் பத்திரத்திலேயே ஒரு வரி எழுதுக. வங்கி அவ்வாறு எழுதாது; நாம் எழுதலாம். நம் பொருளாளர் இதனைக் கேட்டு நகைத்து, "அப்படியானால் பையன் மாதந்தோறும் களைத்துப்போவானே, ஐயா!" என்றார். போகட்டும். நூறு திங்களில் தொண்ணூற்றொன்பது அவன் பொய் சொன்னாலும், ஒரு திங்களில் மெய் சொல்லும்பொழுது அவ்வரி அவன் கையில் இருக்கவேண்டும்.

நஞ்சையைப் பற்றித் தந்தையாரிடம் யாம் தனியே பேசினோம். விற்பதை இப்பொழுதைக்கு நிறுத்தியிருக்கின்றார். எவரேனும் வந்து விலை பேசினால் மனம் மாறிவிடும் என்று தாமே அஞ்சி, பத்திரத்தை ஒரு துணியிற் சுற்றிக் கொண்டுவந்து எம்மிடம் கொடுத்துவிட்டுச் சென்றார். விண்ணப்பம் வருகின்ற ஞாயிற்றுக்கிழமை செயற்குழுவின் ஆலோசனைக்கு வருகின்றது. அதுவரையில் அப்பத்திரம் எம் வீட்டுப் பெட்டியில், நிகண்டுகளுக்கு அடியில் இருக்கும்.